மறு: ‘சட்டவழி ஆட்சி’ பொருந்துமா?

> ‘ரூல் ஆஃப் லா’வுக்குச் ‘சட்டவழி ஆட்சி’ என்று வைக்கலாம். சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம் ஐயா,

சுருக்கம்தான், ஆனால் ஆள்பவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்ற பொருள் நழுவுகிறது. 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டமும் சட்டவழி வந்ததே. பிறந்த சாதியை வைத்தே ஆளைக் குற்றவாளியாகப் பதிந்து, ரேகை உருட்டி, காவல் நிலையத்தில் ஆஜர் சொல்ல வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது ஒழிந்தது. எனவே உங்கள் சொல்லை ‘ரூல் பை லா’வுக்கு, அதாவது அரசு சட்டத்தைக் கருவியாக்கி ஆள்வதற்கு, வைத்துக்கொள்வோம், அங்கே அது கச்சிதம்.

‘சட்ட மேலாண்மை’ வேண்டாம். நீர் மேலாண்மை, கழிவு மேலாண்மை என்று பழகிய காதில் அது நிர்வாகமாகத்தான் விழும்.

என் வாக்கு, பழகிய ‘சட்டத்தின் ஆட்சி’க்கே. சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவோடு வரிசையில் நிற்பவருக்கு ஆட்சி என்றால் ஆட்சியர், அமைச்சர், அரசு. அவர்களுக்கும் மேலே ஒன்று ஆள்கிறது என்று அவருக்குப் புரிய வேண்டுமானால் ‘ஆட்சி’ என்ற சொல்லே வேண்டும்.

நம் பாலாற்று வழக்கையே பாருங்கள். தோல் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996இல் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் அடங்கும் என்றது நீதிமன்றம். அதோடு நிற்கவில்லை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி அமைத்திருக்க வேண்டிய அதிகார அமைப்பை ஏன் இன்னும் அமைக்கவில்லை என்று மத்திய அரசையே பிடித்து, அமைக்கச் சொன்னது. சட்டத்தை இயற்றிய அரசும் அதற்குக் கட்டுப்பட்டதுதான் என்பது இதைவிடத் தெளிவாக எங்கே கிடைக்கும்?

அப்புறம், அரசியலமைப்பின் 14ஆம் பிரிவின் இரு பாதிகளையும் ‘சட்டச் சமன்மை’ என்று ஒன்றாக்கும் யோசனை. இதை நான் ஏற்க மாட்டேன். அதே தீர்ப்பில் வட ஆற்காடு உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கு, சிறிது பெரிது பாராமல், தலா 10,000 ரூபாய் அபராதம். இழப்பீடோ அவரவர் செய்த சேதத்தைக் கணக்கிட்டு. ஒரே தட்டில் நிறுத்துவது வேறு, நிலைமைக்கேற்ப நியாயம் செய்வது வேறு; சமத்துவத்துக்கு இரண்டுமே வேண்டும். ‘சட்டத்தின் முன் சமம்’, ‘சட்டங்களின் சமப் பாதுகாப்பு’ என இரண்டையும் நம் சொற்பட்டியலில் தனித்தனி வரியாகவே இடுங்கள். இரண்டாவதில் ‘சட்டங்களின்’ என்ற பன்மையை விட்டுவிடாதீர்கள், மூலத்திலும் பன்மைதான்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து