9 கிலோ 400: காசு இல்லாததுதான் காரணமா?

ஓவர்லாக் கேட்டது:

திருப்பூரில் இருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் டெய்லர், வீட்டுக்காரர் லோடு வேலை. ஒரே பெண், 2 வயது 4 மாதம். போன மாதம் பால்வாடியில் எடை போட்டதில் 9 கிலோ 400. டீச்சர் அட்டையில் மஞ்சளில் புள்ளி வைத்துக் கொடுத்தார், வயதுக்கு எடை குறைவு என்று அர்த்தமாம்.

கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் மகள் இவளைவிடப் பத்து நாள்தான் மூத்தவள். பன்னிரண்டரை கிலோ. பொங்கலுக்கு வந்தபோது, "பாட்டி, அந்தப் பூனை ஏன் நம்ம வீட்டுக்கு வருது?" என்று கேட்டாள். என் மகள் "பூன வா" என்பதோடு சரி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டு, அவசர ஆர்டர் என்றால் பத்து. மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு முட்டிவலி, பால்வாடிக்குக் கூட்டிப்போக முடியாது, டிவி முன்னால் உட்கார வைத்துவிடுவார். மருந்துக்கடையில் 600 ரூபாய் சத்துப்பவுடர் டின் ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? நாத்தனார் அளவுக்கு வசதி இருந்தால் இவளும் அப்படி இருந்திருப்பாளா?

கஞ்சிக்கலயம்:

நாங்களெல்லாம் பழைய சோறும் வெங்காயமும் தின்று வளர்ந்தவர்கள். அட்டை, புள்ளி என்று சும்மா பயமுறுத்துவார்கள். தானாகத் தேறிவிடும், விடுங்கள்.

மேலூர்ப் பாட்டி:

கஞ்சிக்கலயம் தம்பி, பழைய சோறு தின்று வளர்ந்தவர்கள்தான் இங்கே வந்து எழுதுகிறோம். வளராமல் போனவர்கள் எங்கே எழுதுவது? என் அம்மா பெற்றது ஏழு, நின்றது நாலு.

தாயி, நீ கேட்டதற்கு வருகிறேன். 1980இல் உலக வங்கிக் கடனில் எங்கள் மதுரை மாவட்டத்தில் ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தார்கள். சில வருடம் கழித்து நான் அதில் வேலைக்குச் சேர்ந்தேன். 6 மாதம் முதல் 36 மாதம் வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு எடை போட வேண்டும். எல்லாருக்கும் சத்துருண்டை கிடையாது. எடை சரியாக ஏறாத பிள்ளைக்கு 90 நாள் கொடுப்போம், தேறினால் நிறுத்திவிடுவோம். "அவ பிள்ளைக்கு மட்டும் என்ன ஒசத்தி?" என்று பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள். அந்தச் சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகமே ஆகும்.

அப்போது ஒன்று கவனித்தேன். நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில்தான் என் நோட்டில் எடை இறங்கும். கூலி வருவது அந்த மாதங்களில்தான்! முதலில் எனக்கே புரியவில்லை. ஒருநாள் மத்தியானம் ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். தாய் விடியுமுன் வயலுக்குப் போயிருக்கிறாள். எட்டு வயது அக்காவின் இடுப்பில் கைப்பிள்ளை. காலையில் காய்ச்சிய கஞ்சி புளித்து, ஈ மொய்த்துக் கிடக்கிறது. அதைத்தான் ஊட்டியிருக்கிறாள். ராத்திரி வயிற்றுப்போக்கு, ஒரே வாரத்தில் அரைக் கிலோ போயிற்று. கையில் காசு புழங்கிய மாதத்தில் பிள்ளை இளைத்தது.

அதனால் காசு காரணமா என்றால், ஆமாம். ஆனால் காசு நேராகப் பிள்ளை வயிற்றுக்குள் போய்விடாது. ஊட்டுகிற கை வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். உன் நாத்தனார் மகளுக்கு மத்தியானம் ஊட்டுவது யார் என்று யோசித்துப் பார்.

டின்னை விடு. முட்டை ஏழு ரூபாய் என்றாலும் அந்தக் காசுக்கு எண்பதுக்கு மேல் வரும். குழைந்த சோறு, பருப்பு, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவை வீட்டில் எல்லாரும் பங்கு போடாமல் இவளுக்கென்று வைத்துக்கொள். சின்ன வயிறு, மூன்று வேளையில் அடங்காது, ஐந்து வேளை வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை கொடுப்பார்கள், விட்டுவிடாதே. அடுத்த மாதமும் எடை ஏறவில்லையென்றால் டாக்டரிடம் காட்டு. புஜத்தைச் சுற்றி நாடா வைத்து அளந்து 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

பிறந்தபோது என்ன எடை? அப்போது உனக்கு ரத்தம், அதுதான் ஹீமோகுளோபின், எவ்வளவு இருந்தது?

அரை டாக்டர்:

பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். பாட்டி சொன்னதற்கு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மிக வசதியான பங்கில் 23. பாதியாகக் குறைகிறது, மறைந்துவிடவில்லை.

அடுத்தது பேச்சு. 1986-87இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில், உயரம் குறைந்த 129 குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொன்றுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஊழியர் வீட்டுக்கு வந்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டினார். மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு எதுவுமில்லை. இரண்டு வருடம் நடந்தது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால், விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பளம் மற்றவர்களுடையதைவிட சுமார் 25 சதவீதம் அதிகம். பால்மாவு மட்டும் வாங்கியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பொம்மைகளும் தூக்கிப்போட்ட பொருட்களில் செய்தவைதான்.

அப்புறம் அக்கா, "பூன வா" என்பது இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவது. இரண்டு வயதில் நாங்கள் எதிர்பார்ப்பதே அதுதான். காது நன்றாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இல்லையா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 சட்டத் திருத்தத்திலேயே வந்துவிட்டது.

ஓவர்லாக்:

காப்பகம் இருக்கிறது தம்பி, போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஆடிட் வருகிற அன்றைக்குத்தான் திறப்பார்கள். மற்ற நாளில் தொட்டிலில் கட்பீஸ் மூட்டை. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேட்கலாம் என்றிருக்கிறோம். தனியாகக் கேட்டால் அடுத்த வாரம் வேலை இருக்காது.

பக்கத்து லைன் வீட்டு ஆயா தன் பேரனைப் பால்வாடிக்குக் கூட்டிப்போகிறார், இவளையும் சேர்த்துக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார். அங்கே வாரம் மூன்று முட்டை கொடுக்கிறார்கள்.

பாட்டி, பிறந்தபோது 2 கிலோ 300. எனக்கு ரத்தம் எட்டுதான் இருந்தது. எட்டாம் மாதம் வரை நின்றுகொண்டே செக்கிங் பார்த்தேன்.

மேலூர்ப் பாட்டி:

2.300இல் ஆரம்பித்து 9.400 வந்திருக்கிறாள் என்றால் நாலு மடங்கு, தாயி. உன் நாத்தனார் மகள் என்ன எடையில் பிறந்தாள் என்று கேட்டுப் பார், அதையும் நாலால் பெருக்கு.

உன் ரத்தத்தை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிட்டு எனக்கு எழுது.