‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ 28-ஆம் அத்தியாயத்தில் நிற்கிறது, மேலே படிக்கலாமா?

நொய்யல்கரை:
வணக்கம்ங்க. ஈரோடு புத்தகத் திருவிழாவில் மகள் வாங்கிய இங்கிலீஷ் நாவல் இது. மார்கரெட் அட்வுட் 1985-ல் எழுதியது. அவள் ரெண்டே நாளில் முடித்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். ராத்திரி பாத்திரம் கவிழ்த்த பிறகு ஐந்தாறு பக்கம், பக்கத்தில் டிக்‌ஷனரியோடு.

கதை இதுதான். அமெரிக்காவில் ஒரு கூட்டம் ஆட்சியைப் பிடித்து கிலியட் என்று பேர் வைக்கிறது. பிள்ளைப்பேறு குறைந்துபோன காலம். பெறத் தகுந்த பெண்களுக்குச் சிவப்பு அங்கி மாட்டி, பெரிய மனிதர்கள் வீட்டில் பெற்றுக் கொடுப்பதற்கென்றே வைக்கிறார்கள். கதை சொல்கிறவளை ஆஃப்ஃபிரெட் என்கிறார்கள், ஃபிரெட்டினுடையவள். இது எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இல்லை. எங்கள் அம்முச்சியை ஊரே மொடக்குறிச்சிக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. அவர் சொந்தப் பேரை நான் கருமாதிப் பத்திரிகையில்தான் பார்த்தேன்.

நின்றது 28-ல். கிலியட்டுக்கு முந்தைய ஒரு காலை. கடையில் சிகரெட் வாங்கப் போகிறாள், கார்டு வேலை செய்யவில்லை. வேலை பார்க்கிற நூலகத்தில் பெண்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், வெளியே துப்பாக்கியோடு ஆட்கள். சாயங்காலம்தான் தெரிகிறது, பெண்கள் பேரில் இருந்த பணம் எல்லாம் முடக்கம், இனி புருஷன்தான் எடுக்கலாம். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறான் அவள் புருஷன். கெட்டவன் இல்லை. ஆனால் இவனுக்கு இது பெரிய வருத்தமாக இல்லையோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வருகிறது பாருங்கள், அங்கே மூடி வைத்தவள்தான். நாலு நாள் ஆச்சு.

2003-ல் என் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு அண்ணன் பைக்கில் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். விடுதலைப் பத்திரம், அப்பா சொத்தில் என் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. எழுதுகிறவர் பென்சிலில் புள்ளி வைத்து ‘இங்கே, இங்கே, அப்புறம் இங்கே’ என்றார். இடது பெருவிரல் மை சீயக்காய் போட்டும் போகவில்லை, அதன் மேலேயே மருதாணி வைத்தார்கள். வெளியே கரும்புப்பால் வாங்கிக் கொடுத்து, “உனக்கு ஒண்ணுன்னா நான் இருக்கேனில்ல அம்மிணி” என்றான். இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. கிணறும் நாலு ஏக்கர் தென்னந்தோப்பும்கூட இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989-ல். எனக்குத் தெரியாமல் இல்லை, பி.காம். படித்தவள்.

இனி போகப் போக இன்னும் இருட்டுதானா? முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மஞ்சமண்டி:
2017-லிருந்து சீரியலாகவே இருக்கிறதுங்க அக்கா, டிக்‌ஷனரி வேண்டாம். ஆனால் அது யாரோ அமெரிக்கா பற்றி எழுதிய கற்பனை. உங்களை யாரும் துப்பாக்கி காட்டிக் கையெழுத்து வாங்கவில்லையே? சீரும் நகையும் போட்டுத்தானே கட்டிக்கொடுத்தார்கள்?

கோபி_வாத்தியார்:
கற்பனை என்று அட்வுட்டே ஒத்துக்கொள்ள மாட்டார் தம்பி. எங்காவது எப்போதாவது மனிதர்கள் செய்திராத எதையும் சேர்க்கக்கூடாது என்று விதி வைத்துக்கொண்டு எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். 1984-ல், சுவர் நின்றுகொண்டிருந்த மேற்கு பெர்லினில் எழுத ஆரம்பித்தது. ருமேனியாவில் 1966-லேயே கருக்கலைப்பைத் தடை செய்து, பெற்றே தீரணும் என்று பெண்களை நெருக்கினார்கள்.

படியுங்கள் அம்மா. முழுக்க இருட்டு இல்லை. சாப்பாட்டுத் தட்டிலிருந்து துளி வெண்ணெயை ஷூவுக்குள் ஒளித்து வைத்து, ராத்திரி முகத்தில் பூசிக்கொள்கிறாளே, அதை நீங்கள் கடந்துதான் வந்திருப்பீர்கள். அப்புறம், கடைசியில் 2195-ல் ஒரு பேராசிரியர் மேடையில் பேசுகிற பகுதி வரும். பின்னிணைப்பு என்று தள்ளிவிட வேண்டாம். அவர் ஜோக்குக்குக் கூட்டம் சிரிப்பதைக் கவனியுங்கள். இதற்கு மேல் சொன்னால் திட்டுவீர்கள்.

தறிச்சத்தம்:
நான் புத்தகம் படிக்கவில்லைங்க, தங்கச்சி சொல்லிக் கேட்டதுதான். அதில் பெண்கள் படிக்கக்கூடாதாம், கடை போர்டில்கூட எழுத்தை எடுத்துவிட்டுப் படம் போட்டிருப்பார்களாம்.

நான் மூணு வருஷம் ஒரு நூல் மில் ஹாஸ்டலில் இருந்தேன். சுமங்கலித் திட்டம், முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். ஃபோன் வார்டனிடம். கடைக்குப் போனாலும் கூடவே ஆள். படிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, படிக்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போண்டா கட்டி வரும் பேப்பரை நீவிவிட்டு ஏழு பேர் மாற்றி மாற்றிப் படிப்போம். எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும். ஒரு தடவை தொடர்கதை ஒன்றில் ஒரே ஒரு வாரம் வந்தது. மிச்சத்தை நாங்களே கட்டிச் சொல்லிக்கொண்டோம், ஒரு மாசம் ஓடியது.

மஞ்சமண்டி அண்ணா, நானும் விரும்பித்தான் போனேன்.

நொய்யல்கரை:
நேற்று ராத்திரி எடுத்துவிட்டேன். 29-ல் அவளுக்குத் திருட்டுத்தனமாகப் படிக்கப் புத்தகம் கிடைக்கிறது, பட்டினி கிடந்தவள் மாதிரி விழுங்குகிறாள். போண்டா பேப்பர் ஞாபகம்தான் வந்தது.

மஞ்சமண்டி தம்பி, நகை போட்டார்கள்தான். எட்டுப் பவுன். அவர் தறி வாங்க அடகுக்குப் போனது, திரும்பவில்லை. வாத்தியார் ஐயா, வெண்ணெயைக் கவனிக்காமல் வந்துவிட்டேன், திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

தறிச்சத்தம் கண்ணு, நான் முடித்ததும் புத்தகத்தை அனுப்பி வைக்கிறேன். இங்கிலீஷ் கஷ்டமென்றால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஃபோனில் சொல்லிக்கொண்டே வருகிறேன். அதற்கு முன்னால், அந்தத் தொடர்கதையை ஏழு பேரும் எப்படி முடித்தீர்கள் என்று சொல்லு.