புதுக்கடையில் நாம் கண்ட ‘குடை ஐயா’

கொட்டாஞ்சேனை வாசி:
போன கிழமை கனத்தை மயானத்தில் குடை ஐயாவைத் தகனம் செய்துவிட்டு வந்தோம். வீட்டாருக்கு விளம்பரம் பிடிக்காது, ஆகவே பெயர் போடவில்லை. கொழும்பு புதுக்கடை கோட்டில் அரச தரப்புக்கு வழக்குப் பேசியவர். அங்கே அலைந்தவர்களுக்குக் ‘குடை ஐயா’ என்றால் போதும், வெயிலோ மழையோ கையில் அந்தக் கறுப்புக் குடை இருக்கும். சட்டமா அதிபர் (அரசின் தலைமை வழக்கறிஞர்) கதிரையிலேயே தமிழர்கள் இருந்திருக்கிறார்கள்: சிவா பசுபதி 1975 முதல் 1988 வரை, கே.சி. கமலசபேசன் 1999 முதல் 2007 வரை. இவர் அவ்வளவு தூரம் போகவில்லை. அரச சட்டத்தரணியாகச் சேர்ந்து, அதே திணைக்களத்தில் ஒரு மேல்பதவியான பிரதி மன்றாடியார் நாயகமாக ஓய்வுபெற்றவர். அப்புறம் பிரைவேட்டாக ஒரு வழக்கும் எடுக்கவில்லை.

என் மாமி ஒரு கொலை வழக்கில் சாட்சி. கொழும்பு மேல் நீதிமன்றத்தில் பெரும்பாலும் சிங்களம்தான். தமிழில் சாட்சி சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்வார். சரி, சொல் பழுதில்லாமல் போய்ச் சேர வேண்டுமே! “பொழுதுபடேக்க கண்டனான்” என்றார் மாமி. மொழிபெயர்ப்பில் அந்த அந்திப்பொழுது இரவு ஆகிவிட்டது. எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) லோயர் பிடித்துக்கொண்டார்: லைட் இல்லாத ஒழுங்கையில் இரவில் முகம் எப்படித் தெரிந்தது? மாமி வாயடைத்து நின்றார். குறுக்கு விசாரணை முடியும் மட்டும் ஐயா எழும்பவே இல்லை. எனக்கென்றால் ஆத்திரம். மீள் விசாரணையில், அதாவது குறுக்கு விசாரணைக்குப் பிறகு தன் சாட்சியிடம் திரும்பக் கேட்கும் முறையில், ஒரே கேள்வி, தமிழிலேயே கேட்டார்: “அம்மா, விளக்கு வைச்ச பிறகோ, வைக்க முதலோ?”

“திரி திரிச்சுக்கொண்டு இருந்தனான் ஐயா, இன்னும் கொளுத்தேல்லை.”

அவ்வளவுதான். இருந்துவிட்டார்.

சட்டக் கல்லூரிப் பிள்ளை:
வழக்கு நடத்துவது பொலிஸ்தானே என்று நினைக்காதீர்கள், குடை ஐயா பொலிஸ் ஆள் இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் பெரும்பாலும் பொலிஸ்தான் வழக்கு நடத்தும். சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து மேல் நீதிமன்றத்துக்குப் போனால்தான் இவர் போன்றவர்கள் வருவார்கள்.

பழைய ஜூரர்:
நான் ஒருமுறை ஜூரியில் இருந்தேன். 7 பேர் இருப்போம், குறைந்தது 5க்கு 2 என்று வந்தால்தான் தீர்ப்பு. அரச தரப்பின் முக்கிய சாட்சி “என் கண்ணால் கண்டேன்” என்று அடித்துச் சொன்னான். அதே ஆள் முதலில் பொலிஸுக்குக் காணவில்லை என்று சொல்லியிருக்கிறான். அந்தக் கடதாசியைத் தேடி எடுத்து எதிரியின் லோயர் கையில் கொடுத்தது யார்? குடை ஐயாவேதான். தன் வழக்கைத் தானே உடைக்கிறாரே, இந்த மனுசனுக்கு என்ன வந்தது என்று எங்களுக்குள் பார்த்துக்கொண்டோம். 7 பேரும் ஒரே வாயாகச் சுற்றவாளி (குற்றமற்றவர்) என்றோம். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. கோப்பைக் கட்டினார், குடையை எடுத்தார், போனார். அன்று பின்னேரம் 101 பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தார். வெள்ளவத்தை வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளவத்தையில் இருந்து ஒரு அண்ணன்:
எல்லாரும் பூப்போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் அவர் பெயர் கசப்பு.

தம்பியைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். சாதாரண வழக்கில் பொலிஸுக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் எடுபடாது. இந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் (1979இன் 48ஆம் இலக்கம்) கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேலான ஒருவரோ எழுதியெடுத்தால் எடுபடும். வெருட்டி வாங்கியது என்று எதிரிதான் காட்ட வேண்டும். தம்பிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆனால் சிங்களத்தில் எழுதிய கடதாசியில் அவனுடைய கையெழுத்து இருந்தது. வாக்குமூலம் சுயமாகக் கொடுத்ததா என்று பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணையில் ஐயா அவனை இரண்டு நாள் பிழிந்தெடுத்தார். மேலே மாமிக்கு உதவிய அதே தமிழ்தான்.

நீதிபதி வாக்குமூலத்தை ஏற்கவில்லை. அடுத்த தவணையில், வேறு சாட்சியம் இல்லை என்று ஐயாவே சொல்லி வழக்கை முடித்தார். இழுத்தடிக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்குள் தம்பி ரிமாண்டில் 6 வருசம். வேறு சாட்சியம் இல்லை என்பது முதல் நாளே கோப்பில் தெரிந்ததுதானே?

இரண்டு வருசத்துக்கு முன் வெள்ளவத்தை மார்க்கெட்டில் அவரைக் கண்டேன். பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, எப்போது பிடித்தது, எந்தக் கரையில் வந்தது என்று வியாபாரியைக் குடைந்துகொண்டிருந்தார். என்னை எப்படியோ மட்டுக்கட்டிவிட்டார். “தம்பி எப்படி?” என்றார். “கனடாவில்” என்றேன். தலையாட்டினார். நான் மீன் வாங்காமலே வந்துவிட்டேன். அம்மாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை.