கம்ப்ரசர் நிமிடத்துக்குப் பல முறை கட் ஆகிறது: கேஸ் நிரப்பலாமா, கசிவைத் தேடலாமா?

கோட்டாறு_கார்:
தினமும் நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை ஓடுகிற சின்ன கார். ஏசி போட்டால் கம்ப்ரசர் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிறது, நாலைந்து நொடியில் விட்டுவிடுகிறது, மறுபடியும் பிடிக்கிறது. காற்று குளிரவே இல்லை. ஒரு கடையில் கேஸ் நிரப்பினால் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் கம்ப்ரசர் போய்விட்டது, மாற்று என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

வடசேரி_டாக்ஸி:
கம்ப்ரசரை மாற்றிவிடாதீங்க அண்ணாச்சி. இது கேஸ் குறைந்த அறிகுறி. கேஸ் குறைவாக இருந்தால் கம்ப்ரசர் ஓடியதும் லோ பக்கத்தில், அதாவது அது கேஸை உறிஞ்சுகிற பக்கத்தில், அழுத்தம் சட்டென்று இறங்கும், சுவிட்ச் கட் செய்யும். நின்றதும் அழுத்தம் ஏறும், மறுபடி பிடிக்கும். நிரப்பிவிட்டு வண்டியை எடுங்க. கோடைக்கு முன்னால் நான் அதைத்தான் செய்கிறேன்.

குளச்சல்_மெக்கானிக்:
அறிகுறியைச் சரியாகச் சொன்னீங்க, மருந்துதான் தப்பு. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. நம்ம கடலோரத்தில் நான் முதலில் பார்ப்பது கண்டன்சரைத்தான், கேஸின் சூட்டை வெளியே விடுகிற ரேடியேட்டர் மாதிரி பாகம் அது. முன்பக்கம் இருப்பதால் உப்புக்காற்று நேராக அதில்தான் அடிக்கிறது. கீழ் மூலையில் சேறு தங்கி ஈரமாகவே கிடக்கும், அலுமினியம் அங்கேதான் அரிக்கும். கேஸோடு கொஞ்சம் ஆயிலும் வெளியே போகும். ஆயில் குறைந்து ஓடுகிற கம்ப்ரசர் ஒருநாள் சுற்ற முடியாமல் இறுகிவிடும். அப்போது செலவு எங்கே போய் நிற்கும்?

இன்னொன்று, எஞ்சின் ஆஃப் நிலையில் கேஜைப் பார்த்து 'கேஸ் இருக்கு' என்று சொல்வதை நம்பாதீங்க. ஆர்134ஏ என்கிற ஏசி கேஸில் கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே 30 டிகிரியில் ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த ஊசி சொல்லாது. முழுக்க எடுத்து, வேக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் எடைபோட்டு ஏற்ற வேண்டும்.

தக்கலை_வயரிங்:
இரண்டு பேரும் கேஸ் குறைவு என்றே முடிவு கட்டிவிட்டீங்க. ஹை பக்கம், அதாவது கம்ப்ரசர் கேஸை அழுத்தி அனுப்புகிற பக்கம், அழுத்தம் எகிறினாலும் சுவிட்ச் கட் செய்யும். மார்த்தாண்டம் நெரிசலில் நிற்கும்போது கட் ஆகி, ரோடு கிடைத்ததும் நன்றாகக் குளிர்ந்தால் முதல் சந்தேகம் கண்டன்சர் ஃபேன். கடையில் கேஸ் அதிகமாக ஏற்றியிருந்தாலும் இதே கதைதான், அதன்மேல் இன்னும் நிரப்பினால் என்ன ஆகும்? வண்டியை நிறுத்தி ஏசி ஓடும்போதே கண்டன்சர்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்க. கட் ஆவது நின்றால் கோளாறு ஹை பக்கம்.

அப்புறம் இரண்டு கேஜையும் மாட்டி, கட் ஆகிற அந்த நொடியில் ஊசிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்க. லோ 20 பி.எஸ்.ஐ.-க்கும் கீழே விழுந்தால் கேஸ் குறைவு அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வ் (கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடுகிற வால்வ்) அடைப்பு. ஹை 400 பக்கம் போனால் ஃபேன், அழுக்கு, அதிக கேஸ். இரண்டும் சாதாரணமாக இருக்கும்போதே கட் ஆனால் ரிலே, கூலிங் காயில் சென்சார், வயரிங்கைப் பாருங்க. கிளட்ச் இடைவெளி தேய்ந்து கூடியிருந்தால் பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் விடும், இப்படி நாலு நொடியில் விடாது.

மழை நாளில் காற்று ஜில்லென்று வந்துகொண்டே, கம்ப்ரசர் நிதானமாக விட்டு விட்டுப் பிடித்தால் அது கோளாறே இல்லை. காயில் உறையாமல் இருக்க சென்சார் செய்கிற வேலை.

வடசேரி_டாக்ஸி:
நீங்க சொல்வது சொந்த வண்டிக்குச் சரி. ஐயப்ப சீசனில் கன்னியாகுமரி டிரிப் வரிசையாக இருக்கும்போது வண்டியைக் கழற்றிப் போட முடியுமா? நிரப்பினால் சீசன் ஓடும்.

குளச்சல்_மெக்கானிக்:
ஓடும், ஆனால் எத்தனை சீசனுக்கு? நைட்ரஜன் அடைத்து சோப்பு நுரை வைத்தால் பெரிய ஓட்டை உடனே தெரியும். சின்னதுக்குச் சாயம் ஏற்றி யு.வி. விளக்கில் பார்க்கலாம். வேக்குவம் போடாமல் ஏற்றினால் உள்ளே நின்ற ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், நாளடைவில் அமிலமாகி உள்ளேயே அரிக்கும். ஆர்134ஏ காற்றில் கலந்தால் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். கசிகிற வண்டியில் தெரிந்தே அதை ஏற்றுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

கோட்டாறு_கார்:
கேஜ் போட்டுப் பார்த்தோம். கட் ஆகும்போது லோ 20-க்குக் கீழே, ஹை ஏறவே இல்லை. ஃபேன் ஓடுகிறது. நைட்ரஜன் அடைத்ததும் கண்டன்சர் கீழ் மூலையில் நுரை வந்தது. கம்ப்ரசர் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது வெல்டிங்கா, புதுசா?

வடசேரி_டாக்ஸி:
ஒரே இடம்தானே, வெல்டிங் போதும். புதுசு வாங்குகிற காசில் பாதிகூட ஆகாது.

குளச்சல்_மெக்கானிக்:
கல் பட்டு விழுந்த ஓட்டை என்றால் நானும் வெல்டிங் என்பேன். இது உப்பு தின்றது. பக்கத்துக் குழாய்களும் மெலிந்திருக்கும், வெல்டிங் சூட்டிலேயே அடுத்த இடம் விடும். புது கண்டன்சர், புது டிரையர் (ஈரத்தை உறிஞ்சுகிற டப்பா), புது ஓ-ரிங். கழற்றிய கண்டன்சரில் தங்கிய அளவுக்குப் புது ஆயில். அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு, ஊசி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு கேஸ்.

வடசேரி_டாக்ஸி:
டிரையர் வரை சரி. வெல்டிங் விஷயத்தில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை, என் வண்டியில் போட்டது பிடித்து நிற்கிறது.

கோட்டாறு_கார்:
புதுசுக்கே சொல்லிவிட்டேன். கடற்கரை ரோட்டில் அடிக்கடி போகிறவன், இதையும் உப்பு தின்னாமல் இருக்க ஏதாவது வழி?

தக்கலை_வயரிங்:
கடலோரம் போய் வந்த நாளில் கிரில் வழியாக நல்ல தண்ணீரைக் குழாயில் மெதுவாக விட்டுக் கழுவுங்க. வாட்டர் சர்வீஸில் பிரஷர் பம்பை நேராகக் காட்ட விடாதீங்க, தகடு மடங்கிக் காற்றுப் போகிற வழி அடைத்துவிடும்.