கடைமடை வரை தண்ணீர் வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கடைமடைக்காரன், வெள்ளகோவில் பக்கம்:

வணக்கம். பாசன சபை, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், பெயர் எதுவாக இருந்தாலும் சரி, விவசாயிகளே தண்ணீர் நிர்வாகத்தில் இறங்கிய அனுபவம் இருந்தால் இங்கே எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுத வேண்டாம், சண்டையையும் எழுதுங்கள். முதலில் என் கதை.

எங்கள் நிலம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனத்தில் ஒரு கிளை வாய்க்காலின் கடைசி மடையில் இருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், திருமூர்த்தி அணையை நம்பி 3.77 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அத்தனைக்கும் ஒரே சமயத்தில் விடத் தண்ணீர் கிடையாது, அதனால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். ஒரு முறை முடிந்தால் எங்கள் மண்டலத்துக்கு மறுபடி வர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும். அப்படி வரும் தண்ணீரும் சில சுற்றுகள்தான். ஒரு சுற்று தவறிப்போனால் அந்த மக்காச்சோளம் மாட்டுக்குத்தான்.

பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி எங்களுக்கும் தேர்தல் நடந்தது, தலைவர் வந்தார், ரப்பர் ஸ்டாம்பும் தீர்மான நோட்டும் வந்தன. ஆனால் தண்ணீர் மட்டும் வரவில்லை. மூன்று தண்ணீர் முறைக்கு முன்னால், முதல் சுற்றில் எங்கள் மடைக்கு ஒரு சொட்டுக்கூட எட்டாமல், ராத்திரி பதினொரு மணிக்கு இருபது பேர் டார்ச் லைட்டோடு, வாய்க்கால் தொடங்குகிற தலைமடைக்குப் போனோம். வாய்க்காலிலிருந்து ஓரக் கிணறுகளுக்குள் திருட்டுக் குழாய் இறங்கியிருந்தது. ஷட்டர் பூட்டை யாரோ உடைத்தார்கள், யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விடிந்ததும் இரண்டு பக்கமும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எனக்கு மாமன் மச்சான் முறை.

அதற்கு அடுத்த முறை சபைக்கு ஒரு பெரியவர் தலைவராக வந்தார். அவர் கூட்டமே போடவில்லை. தண்ணீர் திறப்பதற்குப் பத்து நாள் முன்னால், தலைமடையில் நான்கு பேர், நடுமடையில் நான்கு பேர், கடைமடையில் நான்கு பேர் என்று கூப்பிட்டு, "வாங்க, வாய்க்காலை நடந்து பாத்துட்டு வரலாமுங்க" என்றார். ஏழு கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியம் ஆகிவிட்டது, ஏனென்றால் பத்தடிக்கு ஒரு தரம் நின்றோம். தென்னை மட்டை, பாட்டில், இடுப்பளவு கோரை, பக்கச் சுவர் சரிந்து மண்ணுக்குள் தண்ணீர் போகிற இடங்கள், எல்லாவற்றையும் ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். கடைசியில் எங்கள் தோட்டத்துக்கு வந்தோம். மாடுகளுக்கு லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் ஊற்றி வைத்திருந்தார் அப்பா. தலைமடையில் இருபது ஏக்கர் தோப்பு வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வயதுக்கு அவர் எங்கள் கடைமடையைப் பார்த்ததே இல்லையாம். "ஒரு லோடு என்ன விலை தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம்தான் பேச்சு நடந்தது, அதுவும் எங்கள் களத்தில் உட்கார்ந்து. முடிவு இதுதான்: முதல் தண்ணீர் கடைமடைக்கு, அங்கிருந்து மடை மடையாக மேலே ஏறி வருவது. இது வெறும் இரக்கத்தால் எடுத்த முடிவு இல்லை, கணக்கும் இருக்கிறது. இரண்டு வருஷம் காய்ந்து கிடந்த வாய்க்கால் முதல் தண்ணீரைக் குடித்துவிடும். நடுவில் ஆளுக்கு ஒரு மடையைத் திறந்தால் மட்டம் இறங்கி, கீழே போவது நூல் மாதிரி ஆகிவிடும். எல்லா மடையையும் அடைத்து முழு வாய்க்காலாக ஓட விட்டால் சீக்கிரம் கடைசி வரை எட்டும், பிறகு தலைமடைக்கு முறை வரும்போதும் நிறைந்த வாய்க்கால்தான் இருக்கும். இன்னொன்றும் செய்தோம். தலைமடைக்குக் காவல் எங்கள் ஆள், கடைமடையில் திறந்து அடைப்பதைக் குறிப்பது அவர்கள் ஆள். மடைக்கு மடை நோட்டு வைத்து, திறந்த மணி, அடைத்த மணி, பக்கத்து இரண்டு பங்காளிகளின் கையெழுத்து வாங்கினோம்.

நான்காம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. அப்பா மம்பட்டியோடு வரப்பில் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில் மறுபடி ஒரு குழாய் இறங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அபராதம் போடவில்லை. நோட்டைக் காட்டினோம், அவருடைய அடுத்த முறையில் மூன்று மணி நேரம் கழித்துக்கொண்டோம், அவரும் ஒத்துக்கொண்டார்.

கண்மாய்க்கரை, சிவகங்கை மாவட்டம்:

அண்ணா, படித்ததும் எழுதத் தோன்றியது. எங்களுக்கு அணை கிடையாது, கண்மாய்தான். எங்கள் ஊரில் சங்கம் என்ற பேச்சு வருவதற்கு முன்னாலேயே நீர்க்கட்டி இருந்தார். மடை திறப்பது, வயலுக்கு வயல் பாய்ச்சுவது, மழைக்காலத்தில் ராத்திரி கரையைச் சுற்றி வருவது, கலுங்கில் (மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் இடம்) தண்ணீர் போகிறதா பார்ப்பது எல்லாம் அவர் வேலை. தண்ணீர் குறைந்துவிட்டால் நிலத்துக்காரர் யாரும் மம்பட்டி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகக் கூடாது, அவர் மட்டும்தான் பாய்ச்சுவார். மடையைப் பார்த்தே இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அறுவடை முடிந்ததும் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள்.

2017-ல் குடிமராமத்து, அதாவது ஊர்க்காரர்களும் சேர்ந்து கண்மாயைச் சீர்செய்கிற திட்டம், மறுபடி வந்தபோது பத்து சதவீதம் விவசாயிகள் பங்கு என்றார்கள், உழைப்பாகவும் தரலாம். சீமைக்கருவேலம் வெட்டினோம், வரத்துக் கால்வாய் தோண்டினோம், நானும் மண் சுமந்தேன். ஆனால் எந்த மடையை முதலில் சரி பண்ண வேண்டும் என்று பேசிய கூட்டத்தில் நீர்க்கட்டியைக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று ஊருக்கே தெரியும், அவர் குடியிருப்பது ஊருக்கு வெளியே. அவர் மடையின் அடிக்கல் நகர்ந்திருக்கிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிமெண்டை மேலே பூசிவிட்டுப் போனார்கள், அந்த வருஷமே அடியில் கசிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒரு கேள்வி. நடவும் களையும் பெண்கள் செய்கிறோம், எங்கள் வீட்டில் தண்ணீர் பாய்ச்சுவதும் நான்தான். நிலம் வீட்டுக்காரர் பெயரில், அதனால் சங்கத்தில் அவர்தான் உறுப்பினர். உங்கள் மடை நோட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? பட்டாக்காரரா, தண்ணீர் பாய்ச்சுகிறவரா?

வட்டைக்காரர் மகன், அம்பாறை:

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வயல் கல்லோயா பாசனத் திட்டத்தின் இடதுகரை வாய்க்காலின் கடைசிப் பக்கம். அப்பா அடிக்கடி சொல்லுகிற 1981 சிறுபோகக் (மழை குறைந்த பருவச் சாகுபடி) கதை இது. எங்களுக்குத் தண்ணீர் தருகிற சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் கால்வாசித் தண்ணீர்தான் என்று கதைத்தார்கள். மேலே பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், கீழே தமிழ் பேசுகிற நாங்கள். மேலே இருப்பவர்கள் எங்களுக்கு ஏன் விட வேண்டும் என்றுதான் அப்பா நினைத்திருக்கிறார்.

அந்த நேரம் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கொர்நெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை இடதுகரைக் கிராமங்களில் தங்க வைத்தார்கள். அவர்கள் சங்கம் தொடங்கச் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒரு வயல் வாய்க்காலைப் பாவிக்கிற பத்துப் பதினைந்து பேரை மட்டும் ஒன்றாக்கி, முதலில் வாய்க்காலைத் துப்புரவாக்க வைத்தார்கள். பல வருஷம் மண்வெட்டி படாத வாய்க்கால்களும் இருந்தன. பிறகு முறை வைத்தார்கள், மிஞ்சிய தண்ணீரைக் கீழே விட்டார்கள். மேல் வாய்க்கால்காரர்கள் தங்கள் மடையை அடைத்துவிட்டு எங்கள் பக்கம் தண்ணீர் விட்டார்கள் என்று சொல்லும்போது அப்பாவுக்கு இன்றைக்கும் குரல் மாறும். அதற்குப் பிறகு நாட்டில் எவ்வளவோ நடந்தது, எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மேலே இருந்த ஒரு குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குப் போக்குவரத்து நிற்கவில்லை.

உங்கள் பெரியவர் கூட்டம் போடாமல் நடக்கக் கூப்பிட்டதும் இதே வழிதான் என்று படுகிறது. வேலையில் கூடியவர்கள்தான் பிறகு கூட்டத்திலும் கூடுவார்கள்.

கடைமடைக்காரன், வெள்ளகோவில் பக்கம்:

சிவகங்கைத் தங்கச்சிக்கு: நேர்மையாகச் சொன்னால் இதுவரை பட்டாக்காரர்தான் கையெழுத்து. என் அம்மா பல ராத்திரி மடையில் நின்றிருக்கிறார், நோட்டில் இருப்பது அப்பா பெயர். உங்கள் கேள்வியை நேற்றே பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். "தண்ணி பாய்ச்சறவங்க யாரோ அவங்க போடட்டுமுங்க, சட்டம் தேர்தலுக்குத்தானே, நோட்டு நம்முளுது" என்றார். அடுத்த நடைக்குப் பெண்களையும் எங்கள் லஸ்கர் (வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற அரசு ஊழியர்) அண்ணனையும் கூப்பிடுவதாகப் பேசியிருக்கிறோம், வாய்க்காலில் எந்த இடம் எப்போது உடையும் என்று அவருக்குத்தான் தெரியும். உங்கள் நீர்க்கட்டி ஐயாவிடம் அந்த அடிக்கல் விஷயத்தை முழுசாகக் கேட்டு எழுதுங்கள். எங்கள் மடையிலும் அதே மாதிரி கசிவு இருக்கிறது.