தீபாவளி லேகியம் நம்ம பக்கத்துப் பழக்கமா?

பெருந்துறைப் பேத்தி:
தலைதீபாவளி எங்கள் வீட்டில். இந்த வருசம் கோவையில் மாமியார் வீட்டில். அவர்களுக்குப் பூர்வீகம் கும்பகோணம். விடிகாலை எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தால், பலகாரத்தைக் கண்ணிலேயே காட்டாமல் கோலிக்குண்டு அளவு லேகியத்தை உள்ளங்கையில் வைத்தார். காரம் மூக்கில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் கச்சாயமும் முறுக்கும்தான், லேகியம் கிண்டியதே இல்லை. அம்மிச்சிக்குப் போன் போட்டால், "அது புள்ள பெத்தவளுக்குக் கிண்டறதாச்சே கண்ணு, உனக்கெதுக்கு இப்ப?" என்று சிரிக்கிறார். எங்கிருந்து வந்த வழக்கம்ங்க இது?

மருந்துக்கடை மகன்:
அம்மிச்சி சொன்னதிலேயே பாதி விடை இருக்குதுங்க. ஈரோட்டில் அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். ஐப்பசி பிறந்ததும் லேகியச் சாமான் கட்டுவோம்: சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செலவு ரசத்துக்கு, அதாவது மருந்துச் சாமான் அரைத்து வைக்கும் ரசத்துக்கு, கட்டும் பொட்டலத்திலும் இதில் முக்கால்வாசி இருக்கும். மழைக்காலம், எண்ணெய்ப் பலகாரம், மந்தமான வயிறு. மருந்து பண்டிகைக்குள் நுழைய இது போதாதா?

சரக்கு ரொம்பப் பழசு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால் திரிகடுகம். நல்லாதனார் பாட்டுக்கு மூன்று கருத்து வைத்துப் பாடிய நீதிநூலுக்கும் அதே பெயர். மருந்து ஊரறிந்ததாக இருந்தால்தானே நூலுக்குப் பெயராகும்?

இன்னொன்று, லேகியக் காரத்தில் மிளகாய்க்கு வேலையே இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துக் காய், போர்ச்சுகீசியர் வந்த பிறகு இங்கே வந்தது. மிளகைப் பார்த்துத்தான் அதற்கு மிளகாய் என்றே பெயர் வைத்தோம். மிளகும் திப்பிலியும் நம் மேற்கு மலையிலேயே விளைகிற சாமான். லேகியம் என்ற பெயர் மட்டும் வடமொழி. நக்கிச் சாப்பிடுவது என்று பொருள்.

கவுந்தப்பாடிக்காரன்:
இனிப்பை விட்டுட்டீங்களே! எங்கள் ஊர் நாட்டுச்சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, லேகியத்துக்கு ஆகாதா? நெய்யும் நல்லெண்ணெயும் ஓரத்தில் பிரிந்ததும் சட்டியை இறக்கிவிட வேண்டும். போன வருசம் நான் டிவி பார்த்துக்கொண்டே கிண்டினேன். அப்புறம் சுத்தியலால் உடைத்துத்தான் தின்றோம்.

பெருந்துறைப் பேத்தி:
அம்மிச்சிக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "சரி, வரும்போது எனக்கொரு டப்பா கொண்டா. சித்தரத்தை கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லு" என்கிறார்.