மழைக்காலத்தில் மாலை வகுப்பு: துணைக்கு ஆள் வேண்டும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். காலாண்டு விடுமுறை முடிந்ததும் செஸ், அறிவியல் மன்றம் என்று மாலை வகுப்பு தொடங்குகிறோம். பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சீக்கிரமே இருட்டிவிடும். பல பேர் வாய்க்கால் ஓரமாக, விளக்கில்லாத பாதையில்தான் வீட்டுக்குப் போகவேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் பார்த்தவர்கள் நாம். பெற்றோர் பயப்படுவது நியாயம்தான்.

மாலை ஐந்தரைக்குப் பிள்ளைகளைச் சேர்ந்தாற்போல் கூட்டிப்போய் வீட்டில் விட யாராவது வர முடியுமா? பெண்பிள்ளைகளோடு போக அக்காமார் வந்தால் ரொம்ப நல்லது. தீயணைப்பு நிலையத்தில் தெரிந்தவர்கள் இருந்தால், வெள்ளப் பாதுகாப்புச் செயல்விளக்கத்துக்குச் சொல்லிவையுங்கள். அப்புறம், தை பிறந்ததும் கூந்தன்குளத்தில் பறவை காட்டக் கூட்டிப்போக ஒரு வேன் வேண்டும். டீசல் செலவு எங்களுடையது.